கொல்லைப்புறக் கான்கிரீட் தரையில் குறையா? எப்போது வந்தது என்று முதலில் கேளுங்கள்

கொல்லைப்புறத்துக் கான்கிரீட் தரையில் ஒரு விரிசல் தெரிந்தால் போதும், ஒரு சட்டியில் சிமெண்டைக் கரைத்து அதன்மேல் ஊற்றித் தேய்த்துவிடுவது நம் ஊர் வழக்கம். இரண்டு மாதம் பார்வைக்கு நன்றாக இருக்கும். பிறகு அந்தப் பூச்சு காய்ந்த வறட்டியைப் போல வில்லை வில்லையாகப் பெயர்ந்து வரும். அடியில் பழைய விரிசல் முன்பைவிடச் சற்று அகலமாகக் கிடக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எந்தக் குறைக்கும் சிமெண்ட் பால் மருந்து அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தரையின் குறையைக் கண்டுபிடிக்க நல்ல வழி, அது எப்போது தோன்றியது என்று கேட்பதுதான். போட்ட அன்று மாலையே தெரிந்த விரிசலுக்கு வெயிலும் காற்றும் காரணம். ஓரிரு மாதம் கழித்து வந்திருந்தால் கான்கிரீட் தானாகச் சுருங்கியிருக்கிறது. முதல் மழைக்காலம் முடிந்ததும் வந்திருந்தால் அடியிலுள்ள மண்ணைப் பார்க்க வேண்டும். பல வருடம் கழித்து வந்தால் கம்பியையோ வேரையோ சந்தேகிக்கலாம். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுத் தரைக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். தண்ணீர் அளவைப் பற்றிய பகுதியை (‘பெருக்கப் பெருக்கத் தூசி வருகிறது’ என்ற தலைப்பில் இருக்கிறது) மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான தரை

10 அடிக்கு 12 அடியில், 4 அங்குலக் கனத்தில் ஒரு தரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 கன அடி கான்கிரீட். எம் 20 என்ற கான்கிரீட் தரத்துக்கு 1 பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு முக்கால் அங்குல ஜல்லி. இதற்கு ஏறத்தாழ 9 மூட்டை சிமெண்டும், 17 கன அடி மணலும், 34 கன அடி ஜல்லியும் தேவைப்படும். உங்கள் வீட்டில் இதே அளவுத் தரைக்கு 5 மூட்டைதான் இறங்கியது என்றால், பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

அடியில் 4 முதல் 6 அங்குலம் கிராவல், நீர் தெளித்துத் திமிசு (இடித்து இறுக்கும் கனமான கட்டை) போட்டு இறுக்கியிருக்க வேண்டும். வீட்டுச் சுவரும் தரையும் ஒட்டாதபடி இடையில் அரை அங்குலத் தெர்மோகோல் பட்டை வேண்டும். வாட்டம் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும், 10 அடிக்கு 2 அங்குலம் வரை. தரையின் மேல்மட்டம் வீட்டின் அடித்தளத்தில் போட்ட ஈரத்தடுப்புப் பட்டைக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். கார் ஏறும் இடமானால் கனம் 5 அல்லது 6 அங்குலம்.

சோதிக்க ரசமட்டம், நூல், சிறு சுத்தியல், ஆணி, ஐந்து ரூபாய் நாணயம், ஒரு வாளி நீர், பென்சில் ஆகியவை போதும்.

போட்ட அன்றே, ஈரம் காயும் முன்பே விரிசல்

ஒரு முழம், இரண்டு முழ நீளத்தில், குறுக்காகவோ சாய்வாகவோ, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாக ஓடும் விரிசல்கள் இவை. தரையின் விளிம்பு வரை போகாமல் நடுவிலேயே நின்றுவிடும். கான்கிரீட் போட்டதும் அதிலுள்ள நீரில் கொஞ்சம் மேலே கசிந்து வரும். அப்படிக் கசிந்து வரும் வேகத்தைவிட வெயிலும் காற்றும் அதை உறிஞ்சும் வேகம் அதிகமானால் மேல்தோல் மட்டும் சுருங்கிக் கிழிந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் காலை 10 மணிக்குத் தொடங்கிய வேலை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். வெயிலைவிடக் காற்று மோசம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி மாதக் காற்றில், மேகமூட்டமான நாளில்கூட இது வரும்.

கான்கிரீட் இன்னும் இறுகாத நிலையில் கண்ணில் பட்டால், மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். உடனே பாலித்தீன் தாள் விரித்து, விளிம்புகளில் கல் வைத்துவிடுங்கள். இறுகிய பிறகு பார்த்தால் அன்று ஒன்றும் செய்ய வேண்டாம். நீராற்றும் நாட்கள், அதாவது தரையை ஈரமாகவே வைத்திருக்க வேண்டிய நாட்கள், முழுவதும் முடியட்டும். விரிசல் மெல்லியதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். நகம் நுழையும் அகலம் இருந்தால் தரை நன்றாகக் காய்ந்த பின் நீர்போல் ஓடும் எபாக்சி பிசினை விரிசலில் ஊற்றி நிரப்பலாம்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. விரிசல்கள் கம்பி கட்டிய கட்டங்களை அப்படியே வரைந்ததுபோல் நேர்க்கோடுகளாக வந்திருந்தால் வெயில் காரணம் இல்லை. கம்பிக்கு இருபுறமும் கான்கிரீட் கீழே இறங்கியிருக்கிறது, கம்பி மேல் மட்டும் இறங்க வழியில்லாமல் நின்றுவிட்டது. கலவையில் நீர் மிகுதி, அல்லது கம்பிக்கு மேல் கனம் போதவில்லை. ஈரமாக இருக்கும்போதே மீண்டும் வைப்ரேட்டர் (கலவையை அதிரவைத்து இறுக்கும் கருவி) கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும்.

மேலே சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள்

இதைப் பார்த்துத்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையே இல்லாத குறையும் இதுதான். தரையை நனைத்துக் காயவிட்டால் கோடுகள் தெளிவாகத் தெரியும், முழுதும் காய்ந்ததும் மறைந்துவிடும். ஆழம் மேல்தோல் அளவுதான். மேலே வரும் நீரை உறிஞ்சவென்று காய்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் மெருகு ஏற்றியதன் விளைவு. வழுவழுப்பு வேண்டும் என்று கேட்டவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான், எனவே மேஸ்திரியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

பெருக்கப் பெருக்கத் தூசி வருகிறது

முதல் சில வாரங்களிலேயே தெரியும். காலையில் பெருக்கினால் மாலையில் மீண்டும் வெள்ளைப் பொடி, துவைத்த துணி கீழே விழுந்தால் சாம்பல் கறை. ஆணியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் பொடியாகி, அதன்கீழ் ஆணி வழுக்கிக்கொண்டு போனால் நோய் தோலோடு நிற்கிறது. ஆணி தடையில்லாமல் இறங்கி, மணலும் சிறு ஜல்லியும் கையோடு பெயர்ந்து வந்தால் தரை முழுக்கவே வலுவில்லை.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே, நீர். கலக்கும்போது அதிகமாகக் கொடுத்த நீர், போட்ட பிறகு கொடுக்காமல் விட்ட நீர்.

ஐ.எஸ். 456 : 2000 என்ற இந்தியத் தர விதி, எம் 20 கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாது என்கிறது. நம் வேலையிடங்களில் இதை அளந்து ஊற்றுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குழாயைக் கலவை இயந்திரத்தின் வாயில் செருகிவிட்டு, கலவை ‘ஓடும்’ பதம் வரும்வரை திறந்து வைப்பதே நடைமுறை. ஓடும் கலவையை இழுத்துச் சமன்படுத்துவது எளிது, சித்தாளுக்கு இடுப்பு வலிக்காது. ஆனால் சிமெண்ட் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நீரைத்தான் வேதிவினையில் கட்டிக்கொள்கிறது. மீதி நீர் கலவையைக் கையாள மட்டுமே பயன்படுகிறது. அது ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. மிகுதியாக ஊற்றும் ஒவ்வொரு வாளியும் தரைக்குள் அதே அளவு ஓட்டையை விட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழையில் நனைந்த மணல் ஒரு மூட்டைக் கலவைக்குள் 3, 4 லிட்டர் நீரைத் தானே கொண்டுவந்துவிடும். அன்று 30 லிட்டர் ஊற்றினால் அது 34 ஆகிவிடும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்ற பெயரில் கிரஷர் தூசி வந்து இறங்கும் ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தூசி மிகுந்தால் நனைக்கவே அதிக நீர் வேண்டியிருக்கும். மணல் இறங்கும்போதே ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி மணலும், மேலே சிறிது உப்பு கலந்த நீரும் ஊற்றிக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் வண்டல் அடுக்கு கண்ணுக்குத் தடிமனாகத் தெரிந்தால் லாரியைத் திருப்பி அனுப்பலாம்.

அடுத்தது நீராற்றுதல். அதே விதிப்படி சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெப்பமான வறண்ட சூழலிலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கும் குறைந்தது 10 நாள். பி.பி.சி.க்கு 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் அது சொல்கிறது. இன்று கடையில் கிடைக்கும் மூட்டை பெரும்பாலும் பி.பி.சி.தான். காலையும் மாலையும் குழாயால் ஒருமுறை நனைப்பது நீராற்றுதல் ஆகாது. நடுப்பகலில் அது காய்ந்துவிடும், காய்ந்து நனைந்து காய்ந்து நனைவது தரைக்குக் கூடுதல் தொல்லை. களிமண்ணால் பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள், அல்லது சாக்கை நனைத்து மூடி அந்தச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போட்டாயிற்று, தூசி வருகிறது. இப்போது என்ன செய்வது? தோல் நோய் என்றால், பொடியை எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, சோடியம் சிலிகேட் அல்லது லித்தியம் சிலிகேட் கலந்த திரவத்தைப் பூசலாம். கடையில் ஃப்ளோர் ஹார்டனர் என்று கேட்டால் தருவார்கள். அது கான்கிரீட்டில் எஞ்சியுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து துளைகளை அடைத்து இறுக்கும். ஒரு கை பூசினால் போதாது, உறிஞ்சுவது நிற்கும்வரை இடைவெளி விட்டுப் பூச வேண்டும். ஆணி ஆழமாக இறங்கிய தரைக்கு இந்தத் திரவம் வீண் செலவு. அதை எடுத்துவிட்டுப் போடுவதே வழி.

மூலையிலிருந்து அல்லது நடுவில் குறுக்கே நீண்ட விரிசல், சில வாரம் அல்லது சில மாதம் கழித்து

தரை விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஓடும். உள்முக மூலை, தூண், சாக்கடை மூடி ஆகியவற்றிலிருந்து தொடங்குவதும் வழக்கம். விரிசலின் குறுக்கே நாணயத்தை நகர்த்திப் பாருங்கள். இருபுறமும் ஒரே மட்டத்தில் இருந்தால் இது காய்ந்து சுருங்கியதால் வந்தது. ஒருபுறம் தட்டுப்பட்டால் மண் இறங்கியது, அதற்கு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கான்கிரீட் காய்ந்தால் சுருங்கும். அதைத் தடுக்க முடியாது, எங்கே விரிய வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாம், அவ்வளவே. அதற்குத்தான் வெட்டு மூட்டுகள், அதாவது தரையில் நாமே முன்கூட்டி வெட்டிவிடும் கோடுகள். 4 அங்குலத் தரையில் மூட்டுகளுக்கு இடையே 8 முதல் 10 அடிக்கு மேல் போகக் கூடாது, வெட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது 1 அங்குலம். நம் 10க்கு 12 அடித் தரையில் 12 அடிப் பக்கத்தின் நடுவில் ஒரு வெட்டாவது வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக வெட்டி 5க்கு 6 அடி என நான்கு கட்டமாக்கினால் இன்னும் நல்லது. போட்ட மறுநாளே, ஜல்லி பெயராத அளவுக்கு இறுகியதும் வெட்டிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து வெட்டினால் வெட்டுக்குப் பக்கத்தில் விரிசல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். ‘விரிசல் வராமல் இருக்கத்தான் கம்பி போட்டோமே’ என்பார்கள். வெட்டு மூட்டு செய்யும் வேலையைக் கம்பி செய்யாது. வந்த விரிசல் அகலமாகாமல் பிடித்து வைப்பது மட்டுமே கம்பியின் வேலை, அதுவும் கனத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால்தான். ஆட்கள் மிதித்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் கம்பியால் எதையும் பிடிக்க முடியாது. நடக்கவும் துணி காயப்போடவும் மட்டும் பயன்படும் தரைக்கு, கம்பிக்குச் செலவிடும் பணத்தைக் கிராவலுக்கும் வெட்டு மூட்டுக்கும் செலவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

வந்துவிட்ட விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். 12 அடித் தரை, கடும் வெயிலுக்கும் மழை இரவுக்கும் இடையே 30 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீண்டு குறுகும். கெட்டியான பொருள் எதை வைத்தாலும் அது உடையும், அல்லது பக்கத்தில் புதிதாக ஒன்று விரியும். விரிசலையே மூட்டாக மாற்றிவிடுங்கள். கிரைண்டரில் கட்டிங் பிளேடு போட்டு, விரிசலின் போக்கிலேயே அரை அங்குல அகலத்துக்கு வெட்டுங்கள். தூசியை ஊதிக் காயவையுங்கள். அடியில் நுரைக் கயிறு அழுத்தி, மேலே பாலியூரித்தேன் சீலண்ட் என்ற ரப்பர் போன்ற அடைப்புப் பசையை நிரப்புங்கள். சீலண்டின் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும், ஆழம் கூடினால் இழுபடும்போது பக்கச் சுவரைவிட்டுப் பிரியும். வெட்டும்போது நீர் தெளித்துக்கொண்டே வெட்டுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசியிலுள்ள சிலிகா நுரையீரலுக்கு ஆகாது.

சுவரோரம் தெர்மோகோல் பட்டை வைக்காமல் போட்டிருந்தால், தரையின் விரிசல் சுவருக்குள்ளும் ஏறும். அங்கேயும் இதே மருத்துவம்தான், சுவரை ஒட்டி ஒரு வெட்டு, அதில் சீலண்ட்.

ஒரு பக்கம் இறங்கிவிட்டது

பெரும்பாலும் முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தெரியவரும். வீட்டின் அஸ்திவாரத்துக்குத் தோண்டி மூடிய பள்ளம், கழிவுநீர்த் தொட்டியின் ஓரம், குழாய் பதித்த வாய்க்கால் ஆகிய மூன்று இடங்களில்தான் இது நடக்கும். மூடிய மண்ணை 6 அங்குலத்துக்கு ஒருமுறை நீர் விட்டுத் திமிசு அடிக்காமல், ஒரே மூச்சில் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மழை அந்த வேலையைத் தாமதமாகச் செய்து முடித்திருக்கிறது.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி மாறி ‘டொக் டொக்’ என்று வரும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு அடையாளம் செய்யுங்கள். அந்தப் பரப்புக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது. பிறகு விரிசலில் ஒரு வாளி நீரை மெதுவாக ஊற்றுங்கள். தேங்காமல் மடமடவென்று உள்ளே போனால் மண் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. அருகில் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்காமல் தரையைத் தொடாதீர்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியின் நீர்மட்டத்தை இரவில் குறித்து வைத்துக் காலையில் பார்த்தாலே குடிநீர்க் குழாயின் ஒழுகல் தெரிந்துவிடும். கழிவுக்குழாயின் ஒழுகலுக்கு மூக்கே போதும். இன்னொரு குற்றவாளி பெருச்சாளி. தரையின் ஓரத்தில் புதிதாகத் தள்ளிய மண் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். வளையை அடைக்காமல் செய்யும் எந்தப் பழுதும் அடுத்த மழை வரைதான் தாங்கும்.

வெற்றிடம் சிறியதாகவும் தரை உடையாமலும் இருந்தால், 1 அங்குலத் துளைகள் போட்டு, சிமெண்டும் சலித்த மணலும் கலந்த கூழை ஊற்றி நிரப்பலாம். ஒரு துளையில் ஊற்றினால் பக்கத்துத் துளையில் வர வேண்டும், அப்போதுதான் நிரம்பியதாக அர்த்தம். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கி உடைந்தும் இருந்தால், அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்து, மண்ணை இறுக்கி, மீண்டும் போடுங்கள். இறங்கிய பள்ளத்தை மேலே கலவை போட்டு நிரப்புவது தரைக்கு இன்னும் பாரம் ஏற்றுவதுதான், இன்னும் இறங்கும்.

மழையில் மேலே எழுகிறது, கோடையில் இறங்குகிறது

கொல்லைக் கதவு ஐப்பசியில் தரையில் உரசுகிறது, சித்திரையில் சும்மா திறக்கிறது என்றால் உங்கள் மண் கரிசல். கோவில்பட்டி, விருதுநகர், கோவைப் பக்கங்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. நன்கு பொடித்துச் சலித்த உலர்ந்த மண்ணைச் சம எடையில், பத்துப் பத்துக் கிராம், இரண்டு நீண்ட அளவுக் குவளைகளில் போட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. நீரில் இருக்கும் மண், மண்ணெண்ணெயில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தால் அது வீங்கும் மண். ஐ.எஸ். 2720 தொகுப்பின் 40ஆம் பகுதியிலுள்ள சோதனையும் இதுவே. மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் இப்போது கடினம்.

இந்த மண்ணில் தரையைப் பழுதுபார்ப்பதைவிட மண்ணின் ஈரத்தை ஒரே அளவில் வைத்திருப்பது பலன் தரும். கூரையின் மழைநீர் தரையோரத்தில் கொட்டாமல் குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுபோங்கள். தரைக்கு ஒட்டி வாழையும் பூச்செடியும் வைத்து நீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். புதிதாகப் போடுவதானால் கரிசலை ஓரளவு ஆழத்துக்கு எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புங்கள். என்னைக் கேட்டால், கரிசல் வீட்டுக் கொல்லைக்குப் பேவர் கல்லே போதும். எழுந்தாலும் இறங்கினாலும் பெயர்த்து அடியில் மணல் பரப்பி மீண்டும் அடுக்கிவிடலாம்.

எழுவது ஒரே இடத்தில், வருடம் முழுதும், ஒரு மரத்தின் திசையில் என்றால் அது வேர். வேம்பும் அரசும் பேர்பெற்றவை. வேரை வெட்டுவதற்கு முன் மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டுப் பக்கம் சாய்ந்த மரத்தின் எதிர்ப்பக்க வேரை வெட்டினால் தரை பிழைக்கும், கூரை பிழைக்காது. மரத்தைச் சுற்றி 3, 4 அடி கான்கிரீட்டை எடுத்துவிட்டு மண்ணாக விடுவது நல்லது.

நீர் தேங்குகிறது, அல்லது வீட்டுப் பக்கம் ஓடுகிறது

மழை நின்று அரை மணி கழித்துத் தேங்கிய இடத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். நாணயம் மூழ்காத அளவு நீர் என்றால் வெயில் பார்த்துக்கொள்ளும். மூழ்கினால் கொசுவுக்கும் பாசிக்கும் இடம் கொடுக்கிறீர்கள். தரை உறுதியாக இருந்தால், அந்த இடத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பாலிமர் கலந்த பழுதுக் கலவையை நிரப்பலாம். எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்கு அந்தக் கலவை என்பது பையில் அச்சிட்டிருக்கும், அதை மீற வேண்டாம். ஓரத்துக்கு அருகிலேயே பள்ளம் என்றால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுவது மலிவு.

வாட்டமே வீட்டைப் பார்த்து இருந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. உட்புறச் சுவரில் முட்டி உயரத்துக்கு வண்ணம் உப்பிப் பெயர்கிறதா என்று பாருங்கள். சுவரை ஒட்டித் தரையை ஓர் அடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, வாட்டத்தோடு வாய்க்கால் கட்டி, மேலே கம்பிச் சல்லடை போடுங்கள். அந்த நீரைத் தெருவில் விடாமல் உறிஞ்சுகுழியில் விடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். கொல்லை முழுவதையும் சுவருக்குச் சுவர் கான்கிரீட்டால் மூடிவிட்டு, கிணற்றில் நீர் இல்லை என்று வருந்துகிற வீடுகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன.

மேல்பூச்சு பெயர்கிறது

பழைய தரையின் மேல் கலவை பூசிய வீடுகளில் வருவது. தட்டினால் ஒலி வெற்றாக இருக்கும், ஆனால் தரை இறங்கியிருக்காது. அடித்தளத்தின் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாமல் பூசியது, பழைய தரையை நனைக்காமல் பூசியது, அல்லது முக்கால் அங்குலம்கூட இல்லாத கனத்தில் பூசியது. வெற்றொலி உள்ள பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து, அடித்தளத்தைக் கொத்தி, கழுவி, ஈரமாக ஆனால் நீர் தேங்காமல் வைத்து, எஸ்.பி.ஆர். லேடக்ஸ் என்ற ஒட்டுத் திரவம் கலந்த சிமெண்ட் குழம்பைத் தேய்த்து, அது காயும் முன்பே புதுக் கலவையைப் போட வேண்டும். காய்ந்த பிறகு போட்டால் அந்தக் குழம்பே ஒட்டவிடாமல் தடுக்கும். பழைய தரையில் இருந்த மூட்டுக்கு நேர்மேலே பூச்சிலும் மூட்டு வேண்டும்.

வெள்ளை படிதல், பாசி, குழிகள்

வெள்ளைப் படிவை முதலில் நீரால் கழுவுங்கள். கரைந்தால் மண்ணிலிருந்தோ ஆழ்குழாய் நீரிலிருந்தோ வந்த உப்பு. நீராற்ற உவர் நீர் பயன்படுத்தியிருந்தால் இது நிச்சயம். கரையாவிட்டால் கான்கிரீட்டிலிருந்து வெளியேறிய சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகியது. வினிகர் அல்லது நன்கு நீர்த்த அமிலத்தால் தேய்த்து, நிறைய நீர் விட்டுக் கழுவலாம். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலும் கட்டைத் துடைப்பமும் போதும். ஆனால் அமிலம் ஊற்றிய தரையில் அதே நாளில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஆண்டுதோறும் வழுக்கும் தரையை மெருகு போகச் சொரசொரப்பாக்கிவிடுவது நல்லது. புதிதாகப் போடும்போது கடைசித் தேய்ப்புக்குப் பின் துடைப்பத்தால் ஒருமுறை இழுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

அங்கங்கே காசு அளவில் குழி விழுந்து, குழியின் அடியில் வெள்ளைப் புள்ளியோ களிமண்ணோ இருந்தால், மணலில் நீறாத சுண்ணாம்புக் கட்டியோ மண்கட்டியோ இருந்திருக்கிறது. அழகுக் குறைதான், குழியை மட்டும் நிரப்பினால் போதும்.

பல வருடம் கழித்து, பழுப்புக் கறையோடு நேர்க்கோட்டில் விரிசல்

கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் வரும், உப்பு போகாத கடல் மணல் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம். கறை ஓரிரு இடத்தில் மட்டும் என்றால், கம்பி பளிச்சென்று தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் மூடலாம். வரிசையாக எல்லாக் கம்பியின் மேலும் கறை ஓடினால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை.

அப்படி எடுத்துவிட்டுப் போடுவதானால், தை, மாசி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள், மழையும் இராது, கடும் வெயிலும் இராது. ஈரக் கான்கிரீட்டில் வெறுங்காலோடு யாரையும் இறக்காதீர்கள், அதன் காரம் தோலைப் புண்ணாக்கும். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். உடைத்தெடுத்த பழைய துண்டுகளைக் காசு கொடுத்து அகற்ற வேண்டியதில்லை. கம்பியைப் பிரித்துவிட்டு, கைப்பிடி அளவுக்கு உடைத்துப் பரப்பி, இடைவெளிகளில் கிராவல் நிரப்பித் திமிசு அடித்தால் புதிய தரைக்கு அதுவே அடித்தளம் ஆகும்.